நல்லது செய்த பிள்ளைக்குக் காவல்துறையின் பாராட்டு: வாங்கித் தருவது எப்படி, வேண்டாம் என்று சொல்வது எப்போது

‘சாலையில் கிடந்த பணப்பையை ஒப்படைத்த மாணவியை எஸ்.பி. நேரில் வரவழைத்துப் பாராட்டினார்.’ தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு மாவட்டப் பக்கத்தில் இப்படி ஒரு செய்தி அடிக்கடி வந்துகொண்டே இருக்கிறது. படத்தில் சால்வை, சான்றிதழ், ஓரத்தில் தலைமையாசிரியர். அந்தப் படம் வருவதற்கு முன்னால் யார் மனு எழுதினார்கள், ஸ்டேஷனில் எதில் பதிந்தார்கள் என்பதெல்லாம் செய்தியில் இருக்காது. அதே ஊரில் அதே அளவு நல்லது செய்த இன்னொரு பிள்ளையை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நடந்த அன்றைக்கு ஒரு காகிதமும் உருவாகவில்லை.

பெற்றோர், ஆசிரியர், வார்டு உறுப்பினர் என ஒரு பிள்ளைக்காக முயற்சி எடுக்கும் யாருக்கும் இது பயன்படும். படம் எடுத்துப் போடவே கூடாத நற்செயல்களும் உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் நல்ல மனசுள்ளவர்கள் அவசரத்தில் கோட்டை விடும் இடம் அதுதான்.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

பிள்ளை செய்தது பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். கிடந்த பொருளை ஒப்படைத்தது ஒன்று. விபத்திலோ தண்ணீரிலோ தீயிலோ ஓர் உயிரைக் காப்பாற்றியது இரண்டாவது. ஒரு குற்றத்தைத் தடுத்தது, திருடனைப் பிடிக்க உதவியது, தகவல் கொடுத்தது மூன்றாவது. முதல் வகை எளிது. இரண்டாவதில் சட்டமும் திட்டங்களும் உங்கள் பக்கம் இருக்கின்றன. மூன்றாவதில் பாராட்டைவிடப் பிள்ளையின் பாதுகாப்பு முன்னால் நிற்க வேண்டும்.

கிடந்த பணம், நகை, செல்போன்

2018-ல் ஈரோட்டில் இரண்டாம் வகுப்பு படித்த ஒரு சிறுவன், பள்ளிக்குப் பக்கத்தில் கிடந்த ஐம்பதாயிரம் ரூபாயை ஆசிரியரிடம் கொடுத்தான். ஆசிரியர்கள் அவனை எஸ்.பி. அலுவலகத்துக்கு அழைத்துப் போய் ஒப்படைத்தார்கள். நாடே பேசியது. அந்தச் சிறுவன் நடந்துகொண்ட வரிசையைக் கவனியுங்கள்: பிள்ளை, ஆசிரியர், அப்புறம் காவல்துறை. சிறு பிள்ளையைத் தனியாக ஸ்டேஷனுக்கு அனுப்பக் கூடாது. ஆசிரியரோ பெற்றோரோ கூடப் போக வேண்டும். அவர்களே பின்னால் சாட்சியும் ஆவார்கள்.

அன்றைக்கே ஒப்படைப்பது முக்கியம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. கிடைத்த பொருளை உரியவரிடம் சேர்ப்பதற்காக எடுத்து வைத்திருப்பது குற்றமில்லை. உரியவரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல், நியாயமான காலம் காத்திருக்காமல் தனதாக்கிக்கொண்டால் அது குற்றம். பை நாலு நாள் வீட்டில் இருந்தால், நல்ல எண்ணத்தோடு வைத்திருந்தாலும் கேள்வி வரும்.

ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்பே, பெரியவர்கள் இரண்டு பேர் முன்னால் பணத்தை எண்ணுங்கள். 500 ரூபாய்த் தாள் எத்தனை, 200 எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நகையாக இருந்தால் ‘தங்கச் சங்கிலி’ என்று எழுத வேண்டாம். ‘தங்கம் போலத் தெரியும் சங்கிலி’ என்று எழுதினால் போதும். நாளைக்கு அது கவரிங் என்று தெரிந்தால், மாற்றி வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு பிள்ளையின் தலையில் விழக் கூடாது. செல்போனாக இருந்தால் அணைக்காதீர்கள், திறந்து பார்க்கவும் முயல வேண்டாம். அழைப்பு வந்தால் எடுத்து, எந்த ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். தெருமுனையில் வைத்துக் கைமாற்றுவது வேண்டாம்.

பொருளைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். போட்டால் அரை மணி நேரத்தில் மூன்று பேர் ‘என்னுடையது’ என்பார்கள். தகவல் பரப்பியே ஆக வேண்டும் என்றால், ‘இந்த இடத்தில் ஒரு பை கிடைத்தது, அடையாளம் சொல்லி இந்த ஸ்டேஷனில் பெற்றுக்கொள்ளவும்’ என்பதோடு நிறுத்துங்கள். நிறம், தொகை, உள்ளே இருந்த துண்டுச் சீட்டு எல்லாம் உரியவர் வாயிலிருந்து வர வேண்டியவை.

ஸ்டேஷனில் பெரும்பாலும் பதிவேடுகளை எழுதும் காவலரான ரைட்டரிடம்தான் வேலை நடக்கும். நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது ஸ்டேஷனின் சமூக சேவைப் பதிவேட்டில் பதிந்ததற்கான எண்ணுள்ள சீட்டு, கேளுங்கள். ‘அதெல்லாம் எதுக்கு சார், நாங்க பார்த்துக்கிறோம்’ என்று பதில் வரலாம். பிள்ளையின் பாராட்டு மனுவுக்கு எண் வேண்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். பிள்ளையின் பெயர், நாள், நேரம், பொருளின் விவரம் நாலும் அதில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். மற்ற எல்லாமே இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது.

ஏ.டி.எம். வாயில் சிக்கி நின்ற பணத்தை அந்த வங்கிக் கிளையில் எழுத்துடன் ஒப்படையுங்கள். கிளை மூடியிருந்தால் ஸ்டேஷன். வயலிலோ கட்டடம் தோண்டும்போதோ பழங்காசு, சிலை மாதிரி ஏதாவது கிடைத்தால் கதையே வேறு. மண்ணுக்குள் புதைந்து கிடந்த பொருளுக்கு 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. அதன்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், நடைமுறையில் வி.ஏ.ஓ., தாசில்தார் வழியாகப் போகும்.

விபத்தில் உதவிய பிள்ளை

‘ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸில் மாட்டிக்கொள்வோம்’ என்ற பழைய பயம் இன்னும் வீடுகளில் இருக்கிறது. இந்தப் பயத்தைப் போக்கத்தான் 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவி செய்வோரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவு சேர்ந்தது, 2020-ல் விதிகள் வந்தன. சாரம் இதுதான்: பெயர், முகவரி சொல்லும்படி உதவியவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனை அவரைப் பிடித்து வைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது. சாட்சி சொல்வது அவர் விருப்பம்.

ஆனால் பாராட்டு வேண்டும் என்றால் பெயரைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதைப் பெற்றோர் யோசித்து முடிவெடுக்கட்டும்.

பணமாகக் கிடைக்கும் மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் உண்டு. 2021 அக்டோபரில் ஐயாயிரம் ரூபாயோடு தொடங்கியது. 2025-ல் ‘ராஹ்வீர்’ என்ற பெயரில் 25,000 ரூபாயாக உயர்ந்தது. மோட்டார் வாகன விபத்தில் கடுமையாக அடிபட்டவரை விபத்து நடந்த ஒரு மணி நேரத்துக்குள் உதவி செய்து மருத்துவமனையில் சேர்த்திருக்க வேண்டும். ‘கடுமையான’ என்பதற்குப் பெரிய அறுவை சிகிச்சை, குறைந்தது மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தது, தலை அல்லது தண்டுவடக் காயம், சிகிச்சையின்போது இறப்பு என்று வரையறை இருக்கிறது. பலர் சேர்ந்து ஒருவரைக் காப்பாற்றினால் தொகையைப் பிரித்துக்கொடுப்பார்கள். ஆண்டுதோறும் தேசிய அளவில் தேர்ந்தெடுக்கும் பத்து பேருக்கு ஒரு லட்சம் ரூபாய்.

இதற்கு நீங்கள் ஓடி ஓடி விண்ணப்பிக்க வேண்டியதில்லை. முதலில் காவல்துறைக்குத் தெரிவித்திருந்தால், டாக்டரிடம் உறுதி செய்துகொண்டு அவர்களே அலுவலகக் கடிதத் தாளில் ஓர் ஒப்புகை தர வேண்டும். நேராக மருத்துவமனைக்குப் போயிருந்தால் மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்ல, அங்கிருந்து ஒப்புகை வரும். அதன் நகல் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். குழுவில் எஸ்.பி.யும் சுகாதாரத் துறை அதிகாரியும் ஆர்.டி.ஓ.வும் இருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: காசுவாலிட்டியில் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். எண்ட்ரியில், ‘அழைத்து வந்தவர்’ என்ற இடத்தில் பிள்ளையின் பெயரோ கூட வந்த பெரியவரின் பெயரோ எழுதப்பட்டிருக்கிறதா? ‘வழிப்போக்கர்’ என்று எழுதி முடித்துவிட்டால், பிற்பாடு நிரூபிப்பது தலைவலி.

25,000 ரூபாய்க்காக யாரும் 108 வருவதற்குள் அடிபட்டவரை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடக் கூடாது. கழுத்திலோ முதுகிலோ அடி என்று சந்தேகம் இருந்தால் அசைக்காமல் வைத்திருந்து 108-ஐ அழைப்பதுதான் உதவி. அப்படி நிதானமாக நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டிய பிள்ளையையும் எஸ்.பி. பாராட்டலாம், தடை எதுவும் இல்லை. சிகிச்சைச் செலவு யார் தலையில் விழும் என்ற தயக்கத்துக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் பதில் சொல்கிறது. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில், தனியார் உட்பட, முதல் 48 மணி நேர விபத்துச் சிகிச்சைக்கான செலவை நிர்ணயித்த வரம்புக்குள் அரசு ஏற்கிறது.

திருடனைப் பிடிக்க உதவிய பிள்ளை: இங்கே நில்லுங்கள்

செயின் பறித்தவனின் பைக் எண்ணைப் பத்தாம் வகுப்புப் பையன் குறித்துக் கொடுத்தான், ஆள் சிக்கினான் என்று வைத்துக்கொள்வோம். ஊரே கொண்டாடத் தயாராக இருக்கும். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பையன் ஒரு வழக்கின் சாட்சி.

சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 74-வது பிரிவு, குற்றத்துக்குச் சாட்சியான பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தையின் நலனுக்காக என்று சிறார் நீதிக் குழுமமோ குழந்தைகள் நலக் குழுவோ எழுத்தில் காரணம் சொல்லி அனுமதித்தால் மட்டும் விலக்கு. எஸ்.பி. பாராட்டும் படமாகவே இருந்தாலும் இந்தத் தடை பொருந்தும். நடைமுறையில் இது எத்தனை முறை மறந்துபோகிறது என்பதைச் செய்தித்தாள் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தைத் திருமணத்தை நிறுத்திய பிள்ளைகள் விஷயமும் இதே மாதிரிதான். தோழிக்குக் கல்யாணம் என்று தெரிந்து குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்த மாணவி, மண்டபம் புக் செய்த குடும்பத்தோடு அதே தெருவில்தான் குடியிருக்கப் போகிறாள். தன் திருமணத்தைத் தானே நிறுத்திய சிறுமி என்றால், சட்டத்தின் பார்வையில் அவள் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, அவள் படத்துக்கும் அதே தடை உண்டு. ‘துணிச்சல் மாணவி’ என்று தலைப்புப் போட்டாலும் தடை நீங்காது.

அப்படியானால் இவர்களுக்குப் பாராட்டே கிடையாதா? தாராளமாக உண்டு, கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டும். எஸ்.பி. தன் அறையில் பெற்றோரோடு பார்த்துப் பேசி, சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பலாம். அதில் வழக்கு விவரம் எழுத வேண்டாம், ‘குடிமைக் கடமை உணர்வுக்காக’ என்றால் போதும். வழக்கு முடிந்தபின் வெளியில் சொல்வதா என்பதைப் பிள்ளையும் வீடும் அப்போது யோசித்து, தேவையான அனுமதி வாங்கிக்கொண்டு செய்யட்டும். பத்திரிகையாளர் போன் செய்தால், ‘வழக்கு நடக்கிறது, பிள்ளை சாட்சி, பெயர் வரக் கூடாது’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இன்னொன்று. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றாலும் பதினைந்து வயதுக்குட்பட்ட பையனையோ, எந்த வயதுப் பெண்ணையோ ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வற்புறுத்த முடியாது. அவர்கள் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 179-வது பிரிவில் இது இருக்கிறது. பழைய சட்டத்தில் 160.

பதினெட்டு தாண்டிய கல்லூரி மாணவர்களுக்குச் சிறார் சட்டம் பொருந்தாது. ஆனாலும் பிடிபட்டவனுக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்களா என்று தெரியும்வரை படத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

மனு எழுதுவது

முதலிரண்டு வகை என்றால் இனி மனு. மாநகரங்களில் காவல் ஆணையருக்கு, மற்ற இடங்களில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு. பள்ளி மாணவர் என்றால் தலைமையாசிரியர் எழுதுவது நல்லது. பெற்றோரே எழுதினால் தன் பிள்ளைக்குத் தானே கேட்பது போல இருக்கும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ‘இளம் சிங்கம்’, ‘நேர்மையின் சிகரம்’ எல்லாம் வேண்டவே வேண்டாம், நடந்ததே போதும். இப்படி:

பொருள்: கிடைத்த பணத்தை ஒப்படைத்த மாணவிக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: (காவல் நிலையத்தின் பெயர்) சி.எஸ்.ஆர். எண், நாள்.

ஐயா, எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் படிக்கும் மாணவி (பெயர்), மேற்படி நாளில் காலை பள்ளிக்கு வரும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் கிடந்த பையை எடுத்து, உடனே வகுப்பாசிரியரிடம் கொடுத்தார். அதில் ரூ.18,500 இருந்தது. நானும் வகுப்பாசிரியரும் எண்ணிப் பார்த்து, மாணவியின் தாயாருடன் அன்றே காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். உரியவர் அடையாளம் கூறிப் பெற்றுக்கொண்டார். மாணவியைப் பாராட்டித் தங்கள் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பெற்றோரின் சம்மதக் கடிதமும், படம் வெளியிடுவது குறித்த அவர்களது விருப்பமும் இணைப்பில் உள்ளன.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். படம் வேண்டாம் என்று நினைக்கும் வீடுகள் நிறைய உண்டு. விழா மேடையில் வைத்து அதைச் சொல்வது சங்கடம், மனுவிலேயே இருந்தால் யாருக்கும் கஷ்டமில்லை.

மனுவின் ஒரு நகலை ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரிடமும் கொடுங்கள். மேலே போன மனு எப்படியும் அறிக்கைக்காக அவரிடம்தான் திரும்பி வரும். அவர் ஏற்கெனவே படித்திருந்தால் ஒரு வாரம் மிச்சம். உரியவரிடம் பொருள் சேர்ந்த பிறகு மனு கொடுப்பது இன்னும் வலு.

சான்றிதழும் விழாவும்

சான்றிதழில் பெயரும் இன்ஷியலும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரில் சான்றிதழ் வந்து, பிறகு எந்த விருதுக்கும் இணைக்க முடியாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஆதாரில் உள்ள எழுத்துக் கூட்டலை ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். தேதி, ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தச் சான்றிதழுக்கு வேலைவாய்ப்பில் மதிப்பெண் உண்டா என்று கேட்கிறார்கள். காவலர் தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குத் தனி மதிப்பெண் உண்டு. இதற்குக் கிடையாது. பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

விழாவில் சால்வையோடு சேர்த்து ஒரு புத்தகம் கொடுங்கள் என்று கேட்கலாம், பல அதிகாரிகள் சந்தோஷமாகச் செய்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பொன்னாடையால் என்ன பிரயோஜனம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ‘கஷ்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, சாப்பாட்டுக்கே வழியில்லை, இருந்தும் பணத்தைத் தொடவில்லை’ என்று மேடையில் பேசவிடாதீர்கள். நேர்மையைப் பாராட்ட வறுமையைப் பட்டியல் போட வேண்டியதில்லை. கூடப் படிக்கும் பிள்ளைகள் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கு மேல் உள்ள விருதுகள்

உயிர் காத்த செயல் என்றால் காவல்துறைச் சான்றிதழோடு நிற்க வேண்டாம். ஜனவரி 26 அன்று தமிழ்நாடு அரசு வழங்கும் வீரதீரச் செயல்களுக்கான அண்ணா பதக்கம், ஆகஸ்ட் 15-ல் பெண்களுக்கான கல்பனா சாவ்லா விருது இரண்டையும் பாருங்கள். மத்திய அரசின் ஜீவன் ரக்‌ஷா பதக்கங்கள் நீரில் மூழ்கியவர், தீயில் சிக்கியவர் போன்றோரைக் காப்பாற்றியவர்களுக்கானவை. மாநில அரசின் பரிந்துரை வேண்டும், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஐந்து முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களுக்குப் பிரதமரின் ராஷ்ட்ரிய பால் புரஸ்கார் உண்டு. வீரம், சமூக சேவை எல்லாம் அதில் தனித்தனிப் பிரிவு.

பிள்ளைகளின் வீரத்துக்கு நாட்டளவில் விருது வந்த கதையும் சுவாரசியமானது. 1957 அக்டோபர் 2 அன்று டெல்லி ராம்லீலா மைதானத்தில் நேரு உட்கார்ந்திருந்த பந்தலில் தீப்பிடித்தது. பதினான்கு வயது சாரணர் ஹரீஷ் சந்திர மெஹ்ரா கம்பத்தில் ஏறி, எரிந்த துணியைச் சாரணர் கத்தியால் அறுத்துவிட்டார். அதிலிருந்துதான் இந்தியக் குழந்தைகள் நல மன்றத்தின் வீரச் செயல் விருது பிறந்தது.

இந்த விருதுகளைப் பற்றிப் பள்ளியில் பேசும்போது தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். நீந்தத் தெரியாத பிள்ளை கிணற்றில் குதித்து இரண்டு பேராக மூழ்கும் செய்தியும் நம் ஊர்களில் வருகிறது. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய இளைஞர்களுக்கு மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இருவரை மீட்டார்கள். அந்த ஆண்டுக் கல்பனா சாவ்லா விருது அவர்களுக்குத்தான் போனது. பாராட்டு விழாவில் பேசும் அதிகாரி ‘பயப்படாமல் குதித்தான்’ என்பதோடு நிறுத்தாமல், கயிறு வீசு, சேலை வீசு, கத்து, 112-ஐ அழை என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

நீங்களே இன்ஸ்பெக்டர் என்றால்

மனு வரும்வரை காத்திருக்காதீர்கள். நடந்த ஒரு வாரத்துக்குள் பள்ளி காலை வணக்கத்துக்குப் போய் இரண்டு நிமிடம் பேசுங்கள். சிறு பிள்ளைக்கு இரண்டு மாதம் கழித்து வரும் மேடையைவிட அது பெரிசு. அடிக்கடி ஸ்டேஷன் வாசலைப் பயத்தோடு பார்க்கும் தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகளை முக்கியமாகத் தேடிப் பாராட்டுங்கள். நன்றாகப் படிக்கும், நல்ல சட்டை போட்ட பிள்ளைகளே எப்போதும் படத்தில் வருகிறார்கள் என்பதை மற்ற பிள்ளைகள் கவனிக்கிறார்கள். அப்படிப் பாராட்டும்போது பையனின் அண்ணன் மேல் உள்ள வழக்கை அந்த நேரத்தில் யாரும் ஞாபகப்படுத்திவிடக் கூடாது. உங்கள் ஏட்டுகளுக்கும் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

பதில் வரவில்லை என்றால்

ஒரு மாதம் பாருங்கள். பிறகு எஸ்.பி. பொதுமக்களைச் சந்திக்கும் நாளில் மனுவின் நகலோடு ஒருமுறை நேரில் போங்கள். பிள்ளையை அழைத்துப் போக வேண்டாம், வகுப்பைத் தொலைத்துவிட்டு வராந்தாவில் உட்கார வேண்டியிருக்கும். அதற்கும் பலனில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். சுதந்திர தினம், குடியரசு தின விழாக்களில் கலெக்டர் வழங்கும் நற்சான்றிதழ் பட்டியலில் சேர்க்கும்படியும் கேட்கலாம், ஆனால் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீது, மருத்துவமனை ஒப்புகை, மனுவின் நகல் மூன்றையும் ஸ்கேன் செய்து ஆசிரியரிடம் ஒன்று, வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ரசீதுத் தாளின் மை ஒரு வருடத்தில் மங்கிவிடும்.